ஸ்பெக்ட்ரம் திரையில் வெறும் கோடா? ஐசியைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள் (பேசுபவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்)

திருநகர்:

மேசையில் இருப்பது சின்க்ளேரின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர், 48கே ஸ்பெக்ட்ரம். ரப்பர் கீ, போர்டு இஷ்யூ 3பி. பரணில் கிடந்தது. ஆன் செய்தால் சின்க்ளேர் என்ற எழுத்து வரவில்லை, திரை முழுக்கக் கந்தலான கட்டங்கள். ஐசி ஒன்றையும் இன்னும் தொடவில்லை. கீழ் மெமரியில் (முதல் 16கே) ஐசி 6 மீது மீட்டர் வைத்து எடுத்த அளவு இது: 9ஆம் காலில் 5.02 வோல்ட், 8ஆம் காலில் 8.9, 1ஆம் காலில் 0.1. கருப்பு முனை 16ஆம் காலில். அடாப்டர் 9 வோல்ட், ஓடும்போது 9.6 காட்டுகிறது. அந்த வரிசையின் எட்டு 4116 மெமரி ஐசியையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை சொல்கிறார்கள். சரியா?

மேலூர்:

மாற்றாதீங்க சார். மெஷினை முதலில் ஆஃப் பண்ணுங்க, அந்த நிலையில் ஓடவே கூடாது.

4116க்கு மூன்று சப்ளை வேண்டும். 9ஆம் காலில் 5, 8ஆம் காலில் 12, 1ஆம் காலில் மைனஸ் 5. உங்களுக்கு 5 மட்டும் ஒழுங்காக வருகிறது, ஏனென்றால் அது 7805 என்ற ரெகுலேட்டரிலிருந்து நேராக வருவது. மற்ற இரண்டையும் போர்டிலேயே ஒரு சின்ன காயிலும் டி.ஆர்.4, டி.ஆர்.5 என்ற இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து உண்டாக்குகின்றன. டி.ஆர்.4 வேகமாக ஆன், ஆஃப் ஆனால்தான் 12 எழும்பும். அது நின்றுபோனால் அடாப்டர் வோல்டேஜ் காயிலையும் டயோடையும் கடந்து அப்படியே 12 லைனில் வந்து உட்காரும். 9.6ல் டயோடு முக்கால் வோல்ட் சாப்பிட்டால் 8.9. உங்கள் மீட்டர் சொல்வது இதைத்தான். மைனஸ் 5 இல்லாமல் 8ஆம் காலில் வோல்டேஜ் நின்றால் 4116 சூடேறிச் சாகும். புது ஐசி எட்டு போட்டிருந்தாலும் அந்த எட்டும் போயிருக்கும்.

டி.ஆர்.4 என்பது இசட்டிஎக்ஸ் 650. மாற்றுக்கு 651 போடலாம். டி.ஆர்.5 இசட்டிஎக்ஸ் 213. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று போகும்போது மற்றதையும் அடித்துவிட்டுப் போவது வழக்கம். இது போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: கரண்ட் இருக்கும்போதே பின்னாலுள்ள விளிம்புக் கனெக்டரில் எதையாவது செருகுவது, பிடுங்குவது. காயிலையும் பாருங்கள். டி.ஆர்.4 ஷார்ட் ஆகியிருந்தால் காயிலின் வார்னிஷ் கருகிப் பழுப்பாகி இருக்கும். அப்படியானால் காயிலும் புதிது.

புது டிரான்சிஸ்டர் போட்டதும் உடனே ஆன் பண்ண வேண்டாம். கரண்ட் இல்லாமல், ஏதாவது ஒரு 4116ன் 1, 8, 9ஆம் கால்களை 16ஆம் காலோடு ஓம்ஸில் அளக்கவும். எதிலாவது சுத்தமாக ஷார்ட் காட்டினால் ஒரு மெமரி ஐசி உள்ளே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதை எடுக்காமல் ஆன் செய்தால் புது டி.ஆர்.4ம் போகும்.

அனுப்பானடி:

மேலூர் அண்ணன் சொன்னதோடு அடாப்டர் விஷயத்தையும் சேர்க்க வேண்டும். நம்ம ஊர்க் கடைகளில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர் ஏறக்குறைய எல்லாமே நடுமுனை ப்ளஸ். ஸ்பெக்ட்ரமுக்கு நடுமுனை மைனஸ். பின் அளவு ஒத்துப்போகிறதே என்று செருகினால் கதை முடிந்தது. முனையை வெட்டி மாற்றிச் சால்டர் பண்ணி, மீட்டரில் பார்த்து, அடாப்டர் மேலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள். கொள்ளளவு 1.4 ஆம்பியர் அல்லது அதற்கு மேல்.

சிசிடிவி கேமராவுக்கு வரும் 12 வோல்ட் அடாப்டரைப் போடுகிறார்கள். மெஷின் ஓடும், ஆனால் 7805 வெந்துபோகும். ஒரு ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால் 9 வோல்டில் அது 4 வாட் சூட்டைத் தள்ள வேண்டும், 12 வோல்டில் 7 வாட். உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு 7 வாட்டுக்குப் போதாது. இங்கிலாந்துக் குளிருக்கு வடிவமைத்த பெட்டி அது. மதுரையில் சித்திரை, வைகாசி மதியத்தில் அறையே 38, 39 டிகிரியில் இருக்கும். 7805க்கும் தகட்டுக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புது தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள். இன்னும் நல்லது, அதே மூன்று காலில் உட்காரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் மாட்டுவது. சூடு அனேகமாக இருக்காது.

திருநகர்:

இரண்டு டிரான்சிஸ்டரும் மாற்றியாயிற்று. ஷார்ட் எதுவும் இல்லை. இப்போது 5.01, 12.1, மைனஸ் 5.0. கட்டங்கள் போய், கருப்புத் திரையில் மஞ்சள் நிறத்தில் மேலிருந்து கீழ் கோடுகள் வரிசையாக நிற்கின்றன. அதற்கு மேல் நகரவில்லை.

மேலூர்:

மஞ்சளா? அது நல்ல துப்பு.

ஆன் ஆனதும், ரோமில் பதித்த புரோகிராம் ராம் மெமரி முழுக்க 2 என்ற எண்ணை நிரப்பும். பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கழித்து, இன்னொன்று கழித்து, பூஜ்யம் வருகிறதா என்று சோதிக்கும். கலர் மெமரியில் 2 என்றால் கருப்பின் மேல் சிவப்பு. அதனால்தான் நல்ல மெஷினில் கண நேரம் ஒரு புள்ளி அகலச் சிவப்புக் கோடுகள் தெரிந்து மறைகின்றன. உங்களுக்கு மஞ்சள் என்றால் அங்கே 6 இருக்கிறது. 2 எழுதினால் 6 ஆகிறது, அதாவது 4க்குரிய பிட், பிட் 2, மேலே (எப்போதும் 1 ஆகவே) ஒட்டி நிற்கிறது. உற்றுப் பாருங்கள், கோடும் இரண்டு புள்ளி அகலமாக இருக்கும். கீழ் மெமரியில் பிட் 0 ஐசி 6, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் பிட் 7 ஐசி 13. எனவே உங்களுடையது ஐசி 8.

இரண்டு நிமிஷம் ஓடவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் சுட்டால் அதுவே ஆள். சுடாமலே செத்த ஐசியும் உண்டு, அதனால் கோட்டின் சாட்சிதான் பெரிது.

திருமங்கலம்:

கழற்றுவதில்தான் பல போர்டு பாழாகிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

பழைய ஐசியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், போர்டைக் காப்பாற்றுங்கள். நுனி மெல்லிய கட்டரால் பதினாறு கால்களையும் ஐசி உடம்பை ஒட்டி வெட்டுங்கள். உடம்பு தனியே வந்துவிடும். பிறகு ஒவ்வொரு காலாக: கொஞ்சம் புது லெட் (சால்டர் ஈயம்) வைத்துச் சூடாக்கி, சாமணத்தால் மேல் பக்கம் இழுக்க வேண்டும். பழைய லெட் மட்டும் இருந்தால் எளிதில் இளகாது, புது லெட் கலந்தால் உடனே இளகும். அயர்ன் 25 வாட் போதும், ஒரு இடத்தில் மூன்று நொடிக்கு மேல் நிற்க வேண்டாம், வராவிட்டால் ஆறவிட்டு மறுபடி. ஓட்டையைச் சக்‌ஷன் பம்பால் சுத்தம் செய்யுங்கள். 16ஆம் காலும் 9ஆம் காலும் அகலமான ட்ராக்கில் இருப்பதால் சூட்டை உறிஞ்சும், அங்கேதான் பொறுமை தேவை. வெறும் ஐசியைச் சால்டர் பண்ணாமல் 16 கால் சாக்கெட் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 4116 கிடைக்கவில்லை என்று 4164ஐ அப்படியே அந்த இடத்தில் செருகக் கூடாது. 4164க்கு 8ஆம் காலில் 5 வோல்ட்தான் வர வேண்டும், இங்கே 12 நிற்கிறது.

சாக்கெட், 7805, கண்டென்சர் எல்லாம் டவுன்ஹால் ரோட்டிலேயே கிடைக்கும். மெமரிக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காயலான் கடை. பழைய பிசி எக்ஸ்டி மதர்போர்டு கிடைத்தால் விடாதீர்கள், வரிசை வரிசையாக 4164 இருக்கும், மேல் மெமரிக்கு உதவும்.

உசிலம்பட்டி:

பள்ளிக்கூடங்களில் இருந்து பி.பி.சி. மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டர் வெளியே வருகிறது. 1984ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் வந்தவை. அதற்கு விதி வேறு: ஆன் செய்து பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பவர் சப்ளையில் மெயின்ஸ் லைனில் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இரண்டு கண்டென்சர் இருக்கும், 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 ஒன்று. உள்ளே காகிதம். மேல்பூச்சு விரிசல் விட்டு ஈரம் உறிஞ்சியிருக்கும், ஆன் செய்த சில நிமிஷத்தில் வெடித்து அறை முழுக்கப் புகை. எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று அச்சடித்த புதியவற்றைப் போட வேண்டும். சாதா கண்டென்சர் போட்டால் ஆபத்து. திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி அரை மணி காத்திருங்கள். பெரிய கண்டென்சரில் 340 வோல்ட் வரை நிற்கும், மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கவும்.

சப்ளை சரியான பின், நல்ல மெஷின் தாழ்ந்த சத்தம் ஒன்று, உடனே சின்ன பீப் ஒன்று தரும். தாழ்ந்த சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் சவுண்டு ஐசி கெட்டதல்ல. கரண்ட் வந்ததும் அது தானாகவே கத்தும், ரோம் ஓடினால்தான் அதை அடக்கும். ரோம் ஓடவில்லை என்பதே செய்தி. சாக்கெட்டில் உள்ள பெரிய ஐசிகளைக் கழற்றி, கருத்த கால்களை ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி அழுத்துங்கள். பாதி மெஷின் அதிலேயே எழுந்துவிடும்.

அனுப்பானடி:

ஸ்பெக்ட்ரமில் கீ வேலை செய்யாததற்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. கீகளுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளான மெம்பரேனிலிருந்து இரண்டு வால் வரும், ஒன்றில் 5 கோடு, மற்றதில் 8. பக்கத்துப் பக்கத்து ஐந்து கீ, உதாரணமாக 1 முதல் 5 வரை, சேர்ந்து செத்தால் 8 கோட்டு வாலில் ஒரு கோடு உடைந்தது. 1, 0, கியூ, பி, ஏ, என்டர், கேப்ஸ் ஷிஃப்ட், ஸ்பேஸ் என்று ஓரத்து எட்டு கீ சேர்ந்து செத்தால் 5 கோட்டு வாலில் ஒன்று. மடிப்பில்தான் உடையும். நீளம் மிச்சம் இருந்தால் நுனியில் 5 மில்லிமீட்டர் நேராக வெட்டிவிட்டு மறுபடி செருகலாம், ஆனால் நொறுங்கத் தொடங்கியது தொடர்ந்து நொறுங்கும். புது மெம்பரேன் வாங்குவதே நல்லது. பிளாஸ்டிக்கில் அயர்னைக் காட்டாதீர்கள்.

பெட்டியைத் திறந்திருக்கும்போதே விளிம்புக் கனெக்டர் சந்தைப் பாருங்கள். குளவி மண் அடைத்து வைத்திருக்கும். ஈர மண் காய்ந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். பல்லி எச்சமும் அப்படியே, ட்ராக்கை அரிக்கும்.

திருநகர்:

ஐசி 8 மாற்றி, சாக்கெட்டும் வைத்தாயிற்று. வெள்ளைத் திரை, 1982 சின்க்ளேர் ரிசர்ச் எழுத்து வந்துவிட்டது. மெமரியின் கடைசி முகவரியைப் பார்க்க பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 போட்டால் 32767 வருகிறது. 65535 அல்லவா வர வேண்டும்?

மேலூர்:

ஆமாம். 32767 என்றால் மெஷின் தன்னை 16கே என்று நினைக்கிறது. மேல் 32கே சோதனையில் தோற்றுவிட்டது. இனி மெஷினிலேயே உள்ள பேசிக் மொழியே உங்களுக்கு மீட்டர்.

மெமரியில் எழுத போக் 40000, 0 கொடுத்து, அதைத் திரும்பப் படிக்க பிரிண்ட் பீக் 40000 பாருங்கள். பிறகு போக் 40000, 255 கொடுத்து அதே மாதிரி. எழுதியது சரியாகத் திரும்பாமல் ஒரே ஒரு பிட் மட்டும் தப்பாக வந்தால் ஒரு மெமரி ஐசி. எதை எழுதினாலும் 255 அல்லது கண்டபடி எண் வந்தால் மெமரியைச் சந்தேகிக்காமல், மெமரி முகவரியைத் தேர்ந்தெடுக்கும் லாஜிக் ஐசிகளைப் பாருங்கள்: ஐசி 23 என்பது 74எல்எஸ்32, ஐசி 24 என்பது 74எல்எஸ்00, 25ம் 26ம் 74எல்எஸ்157. பிந்தைய போர்டுகளில் இவற்றின் வேலையை ஒரே ஐசி செய்யும்.

திருநகர்:

0 எழுதினால் 16. 255 எழுதினால் 255. வேறு நான்கு முகவரியிலும் இதே.

மேலூர்:

பிட் 4 மேலே ஒட்டி நிற்கிறது. மேல் மெமரி ஐசி 15ல் தொடங்குகிறது, 15 கூட்டல் 4, ஐசி 19. அந்த வரிசையில் இருப்பது 4532, பாதி மட்டும் நல்லதாக இருந்த 64கே ஐசிகளை சின்க்ளேர் கம்பெனி விலை குறைத்து வாங்கி, எந்தப் பாதி என்று போர்டில் ஒரு லிங்க் (இணைப்புக் கம்பி) வைத்து முடிவு செய்தது. 4164 இரண்டு பாதியும் நல்லது, அதனால் லிங்க் எப்படி இருந்தாலும் சேரும். 150 நானோ நொடி அல்லது அதைவிட வேகமானதாகப் போடுங்கள்.

திருநகர்:

ஐசி 19ல் 4164. 65535.