எந்தக் கையில பிபி பார்த்தாங்க? – இதயக் குறையோட பிறந்த பிள்ளைகள், அனுபவப் பகிர்வு

எட்டாவது படிக்கிற பெண்ணின் அம்மா:
என் பொண்ணுக்குப் பிறவியிலேயே மகாதமனியில, அதாவது இதயத்துலேர்ந்து உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்ல, குறுக்கம். கோஆர்க்டேஷன்னு சொல்வாங்க. கைக்குழந்தையா இருக்கும்போதே ஆபரேஷன் ஆயிடுச்சு. சமீபத்துல சளிக்காகக் காட்டப் போன இடத்துல இடது கையில பிபி பார்த்துட்டு நார்மல்னாங்க. அப்புறம் வழக்கமான செக்கப். கார்டியாலஜிஸ்ட் வலது கை, இடது கை, கால்னு ஒவ்வொண்ணா பார்த்தார். வலது கையில 138, இடது கையில 104! மிஷின்தான் கோளாறுன்னு நினைச்சேன்.

விடை பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில இருந்தது. இடது கைக்குப் போற ரத்தக்குழாயை வெட்டி, விரிச்சு, குறுக்கம் இருந்த இடத்துல ஒட்டா வெச்சுத் தைச்சிருக்காங்க. 1966-லயே வந்த முறையாம். அந்தக் கைக்கு இப்போ பக்கக் கிளைகள் வழியாத்தான் ரத்தம் போகுது. எழுத, தூக்க ஒரு குறையும் இல்லை. ஆனா அதுல எடுக்கற பிபியை நம்ப முடியாது.

குழந்தைகள் இதயப் பிரிவு நர்ஸ்:
எங்க பிரிவுல அடிக்கடி பார்க்கிறது இது. நீலம் பாரிச்ச குழந்தைகளுக்கு நுரையீரலுக்கு ரத்தம் போக ஷன்ட், அதாவது கைக்குப் போற ரத்தக்குழாய்லேர்ந்து ஒரு இணைப்புக் குழாய், வெச்சிருந்தாலும் அந்தப் பக்கத்துக் கையில பிபி குறைவா காட்டலாம். அதனால எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் பட்டையைக் கையில எடுப்பேன்.

பட்டையோட அளவும் முக்கியம். உள்ளே இருக்கிற காற்றுப் பையோட அகலம், மேல்கைச் சுற்றளவுல சுமார் 40 சதவீதம் இருக்கணும். சின்னப் பட்டையைக் குண்டுக் கையில இறுக்கினா இல்லாத பிபி எல்லாம் வரும். இன்னொண்ணு, 120/80ங்கிற பெரியவங்க கணக்கைச் சின்னக் குழந்தைக்குப் போடாதீங்க. 13 வயசுக்குக் கீழே வயசு, உயரம், ஆணா பெண்ணா எல்லாம் சேர்த்து அட்டவணையில பார்க்கணும்.

சின்ன வயசுல ஃபாலோட் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவன்:
ஃபாலோட்னா இதயத்துக்குள்ள ஓட்டையும் நுரையீரலுக்குப் போற வழியில குறுக்கமும் சேர்ந்து வர்ற பிறவிக் குறை. எனக்கு அடைச்சது ஓட்டையை, விரிச்சது நுரையீரல் பக்கத்து வழியை. வருஷம் தவறாம அளக்கறதோ மகாதமனியோட அடிப்பகுதியையும் சேர்த்து! ஃபாலோட் உள்ளவங்களுக்கு அது விரியறது உண்டாம். ஆபரேஷனுக்கு முன்னாடி அதிக ரத்தம் அது வழியா போனது ஒரு காரணம், சுவரோட மீள்தன்மையே குறைவா இருக்கிறது இன்னொண்ணு. ரிப்போர்ட்ல மில்லிமீட்டர் கணக்கைப் போன தடவையோட ஒப்பிட்டுப் பார்ப்பேன். ‘நார்மல்’ங்கிற ஒத்தை வார்த்தை எனக்குப் போதாது.

ஆறாவது படிக்கிற பையனின் அப்பா:
இவனுக்கும் கோஆர்க்டேஷன்தான். ஒரு ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டாங்கன்னு போனோம். முன்கையில பட்டையை இறுக்கி 5 நிமிஷம் ரத்தத்தை நிறுத்தி, விட்ட உடனே மேல்கைத் தமனி எவ்வளவு விரியுதுன்னு அல்ட்ராசவுண்ட்ல பார்த்தாங்க. ரத்தம் திடீர்னு பாயும்போது குழாயோட உள்படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், அதனால குழாய் விரியும். கோஆர்க்டேஷன் சரி செஞ்ச பிள்ளைகளுக்குக் கையில அந்த விரிவு குறைவா இருக்கலாம்னு சொன்னாங்க. பையன் கவலையெல்லாம் கை மரத்துப் போச்சேன்னுதான்.

வீட்ல பாட்டி இவனை ஓட விடவே மாட்டாங்க. டாக்டர் ட்ரெட்மில்ல ஓட வெச்சு பிபி பார்த்துட்டு, தாராளமா ஓடட்டும், சைக்கிள் ஓட்டட்டும், மூச்சைப் பிடிச்சு பாரம் தூக்கறது மட்டும் வேண்டாம்னார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இது மாறும், கேட்டுக்குங்க. ஆனா இதயத்துல ஆபரேஷன் ஆனதுன்னு உட்கார வெச்சு எடை ஏத்தறது ரத்தக்குழாய்க்கு இன்னொரு சுமை. பாட்டியை இன்னும் சமாதானப்படுத்த முடியலை, அது வேற கதை.

எட்டாவது படிக்கிற பெண்ணின் அம்மா:
எம்ஆர்ஐ முடிஞ்சுது. குறுக்கம் திரும்ப வரலை. அப்புறம் ஏன் பிபின்னு கேட்டேன். குறுக்கத்தை எடுத்தாலும் அதுக்கு மேலே இருக்கிற குழாய்கள் பழைய ரப்பர் மாதிரி விறைப்பாவே இருக்கலாம், இதயம் துடிக்கும்போது விரிஞ்சு கொடுக்காதுன்னார். அதனாலதான் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சாலும் ஆயுசுக்கும் செக்கப்.

24 மணி நேர பிபி மிஷினும் மாட்டினாங்க, வலது கையிலதான். எழுதற கையும் அதுவே. பட்டை உப்பும்போதெல்லாம் பேனாவை வெச்சுட்டுக் கையைத் தொங்க விட்டு அசையாம இருந்திருக்கா. கணக்கு டீச்சர் ரெண்டு தடவை என்னன்னு கேட்டாங்களாம். ராத்திரியும் இறங்க வேண்டிய அளவு இறங்கலை. மாத்திரை ஆரம்பிச்சாச்சு.

புது உறுப்பினர்:
என் மகனுக்குக் கைக்குழந்தையில ஆபரேஷன், சம்மரி தொலைஞ்சு போச்சு. எந்தக் கைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

குழந்தைகள் இதயப் பிரிவு நர்ஸ்:
ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில ரெக்கார்ட் பிரிவுல கேளுங்க, ஆபரேஷன் குறிப்போட நகல் வேணும்னு குறிப்பிட்டே கேளுங்க. அது வர்ற வரைக்கும் ரெண்டு கையிலயும் ஒரு கால்லயும் பார்க்கச் சொல்லி மூணையும் குறிச்சு வாங்கிக்குங்க.