அம்மாவின் குதிகால் மச்சம் மாறுகிறது, பயாப்ஸிக்கு மறுக்கிறார்

அம்மாவுக்கு 58 வயது. இடது குதிகாலில் ரொம்ப காலமாக இருக்கும் மச்சம் சில மாதங்களாகப் பெரிதாகிறது. இப்போது 8 மி.மீ. ஓரம் ஒழுங்காக இல்லை, பழுப்புக்குள் கறுப்புத் திட்டு. போன வாரம் லேசாக ரத்தம் கசிந்தது. வலி, அரிப்பு இல்லை என்பதால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் கால் ஆணி என்று களிம்பு கொடுத்தார், பயனில்லை. அப்புறம் தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்துவிட்டு உடனே பயாப்ஸி (சிறு திசுவை வெட்டியெடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொன்னார். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வருமாம்.

அம்மாவோ, "கத்தி பட்டால் பரவிவிடும்" என்கிறார். அப்படிப் பரவாது என்று மருத்துவர் விளக்கியும் கேட்கவில்லை. நாள் கடத்த எனக்குப் பயமாக இருக்கிறது.

இதே பயத்தில் இருந்த பெற்றோரை எப்படிப் பயாப்ஸிக்குச் சம்மதிக்க வைத்தீர்கள்?