கிங்டா கா: கோபுரத்தை வைத்துக்கொண்டு லாஞ்சை மட்டும் மாற்றியிருக்க முடியாதா?

உச்சிக்காற்று:
அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் ஜாக்ஸனில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் கிங்டா கா ரோலர் கோஸ்டர் கடைசியாக ஓடியது 2024 நவம்பர் 10. நிரந்தரமாக மூடுகிறோம் என்ற அறிவிப்பு வந்தது நவம்பர் 14. அதாவது ஓடி முடித்த பிறகுதான் அது கடைசி ஓட்டம் என்றே தெரிந்தது. 2025 பிப்ரவரி 28 காலையில் வெடி வைத்துக் கோபுரத்தையும் சாய்த்துவிட்டார்கள். 2005 மே மாதம் திறந்ததிலிருந்து மூடிய நாள் வரை உலகத்திலேயே உயரமான ரோலர் கோஸ்டர் அதுதான். 139 மீட்டர்.

இருபது வருஷமாகத் தொல்லை கொடுத்தது லாஞ்ச், அதாவது ரயிலை ஒரே மூச்சில் வேகமெடுக்க வைக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) இயந்திரம். 139 மீட்டர் இரும்புக் கோபுரம் என்ன பாவம் செய்தது? ஹைட்ராலிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்காந்த லாஞ்ச், அதாவது எல்.எஸ்.எம். போட்டிருந்தால் இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும். இது தேவையில்லாமல் செய்த இடிப்பு என்பது என் கருத்து.

பல்சக்கரம்:
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் "லாஞ்சை மட்டும்" என்று சொல்லும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அந்த ரைடே லாஞ்ச்தான் சார். மொத்தம் 28 வினாடி. அதில் நடப்பது ஒரு தள்ளு, ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், கடைசியில் ஒரு சின்ன மேடு.

அது எப்படி வேலை செய்தது என்று தெரியாதவர்களுக்காக: பம்புகள் எண்ணெயை அழுத்தக் கலன்களுக்குள் ஏற்றும். கலனின் மறுபக்கம் நைட்ரஜன். எண்ணெய் ஏற ஏற நைட்ரஜன் சுருங்கும். வால்வு திறந்ததும் சுருங்கிய வாயு எண்ணெயை மொத்தமாக வெளியே தள்ளும். அந்த எண்ணெய் 32 ஹைட்ராலிக் மோட்டார்களைச் சுழற்றும், மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஒரே உருளையைச் சுழற்றும், உருளை கேபிளைச் சுற்றி இழுக்கும். கேபிளில் கட்டியிருப்பது கேட்ச் கார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு தொட்டிக்குள் ஓடும் சின்ன வண்டி அது. ரயிலின் அடியிலிருந்து இறங்கும் கொக்கி அதில் மாட்டிக்கொள்ளும். 3.5 வினாடியில் மணிக்கு 206 கி.மீ. உச்சத்தில் 20,800 குதிரைத்திறன்.

ரயில் மேலே போய்விடும். கேட்ச் கார் அதே வேகத்தில் இருந்து குறுகிய தூரத்துக்குள் நிற்க வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும், கேபிள் தளராமல் உருளையில் உட்கார வேண்டும், கலன்களில் மறுபடி அழுத்தம் ஏற வேண்டும். அடுத்த ரயில் காத்துக்கொண்டிருக்கும். காலையில் திறந்ததிலிருந்து இரவு மூடும் வரை இதே வேலை.

எங்கே கெடும் என்றால் எல்லா இடத்திலும். சீல் தேய்ந்து நைட்ரஜன் கசிந்தால் தள்ளு பலவீனமாகும். எண்ணெய் சூடானால் ஒருவிதம், குளிர்ந்தால் வேறுவிதம். கேபிளில் வெளி இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். உள் இழை அறுந்தால் தெரியாது, காந்தச் சோதனை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திறந்த முதல் வருஷமே என்ன ஆனது? 2005 ஜூனில் தொட்டிக்குள் ஒரு போல்ட் விட்டுப்போய், உள்தகடு கழன்று கேபிளில் உரசி, லாஞ்சே சேதமாகி ஆகஸ்ட் வரை மூடிக் கிடந்தது. ஒரே ஒரு போல்ட்.

தண்டவாளப்பித்தன்:
பல்சக்கரம் அண்ணா, ஹைட்ராலிக் என்றாலே ஆகாது என்பதுபோல் எழுதுகிறீர்கள். அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் ஃபார்முலா ரோசா 2010இல் திறந்தது. கிங்டா காவைச் செய்த அதே இன்டமின் கம்பெனி, அதுவும் ஹைட்ராலிக். வேகம் மணிக்கு 240 கி.மீ., கிங்டா காவைவிட அதிகம். இங்கிலாந்தில் தோர்ப் பார்க்கின் ஸ்டெல்த் 2006. பென்சில்வேனியாவில் ஹெர்ஷி பார்க்கின் ஸ்டார்ம் ரன்னர் 2004. அவர்களால் பராமரிக்க முடிகிறது என்றால் இவர்களால் ஏன் முடியாது? பூங்காவுக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

2009இல் கலிபோர்னியாவில் எக்ஸலரேட்டர் கோஸ்டரின் கேபிள் லாஞ்ச் நடுவிலேயே அறுந்து இரண்டு பேருக்குக் காயம். அதற்காக அதை இடித்தார்களா? சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள்.

பல்சக்கரம்:
தம்பி, நல்ல கேள்வி. இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

139 மீட்டர் உச்சியைத் தொட, காற்றுத் தடையும் சக்கர உராய்வும் சுத்தமாக இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கீழே மணிக்கு 188 கி.மீ. வேகம் வேண்டும். கிடைப்பது 206. கையில் மிச்சம் வெறும் 18 கி.மீ. அதற்குள்தான் எதிர்க்காற்று, ஈரம், குளிர்ந்த சக்கரம், பாரம் கூடுதலாக இருக்கும் ரயில் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காத நாளில் ரயில் உச்சியை எட்டாமல் பின்னால் வரும். அது ஆபத்தில்லை, அதற்கென்றே ரயில் போனதும் லாஞ்ச் பாதையில் பிரேக் தகடுகள் எழும்பி நிற்கும், காந்தத்தால் மெதுவாக்கி நிறுத்தும். ஆனால் அவ்வளவு மெல்லிய விளிம்பில் ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு தள்ளும் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

இப்போது ஃபார்முலா ரோசாவைப் பாருங்கள். உயரம் 52 மீட்டர். அதை ஏற 115 கி.மீ. போதும், அவர்களிடம் 240 இருக்கிறது. தள்ளு பத்து சதவீதம் குறைந்தாலும் மேட்டைத் தாண்டிவிடும். வேகம் கூட என்பதால் வேலை கடினம் என்று ஆகாது. இயந்திரத்துக்குத் தப்பு செய்ய இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஸ்டெல்த் 62.5 மீட்டர். அங்கேயும் விளிம்பு குறுகல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் வேகம் 129 கி.மீ. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் கிங்டா கா கொடுத்தது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதே வகை இயந்திரம்தான், ஆனால் கேபிளும் உருளையும் சீலும் படும் பாடு ஒன்றாகாது.

உச்சிக்காற்று:
விளிம்பு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் எல்.எஸ்.எம். என்கிறேன். கேபிள் இல்லை, எண்ணெய் இல்லை, உருளை இல்லை. தண்டவாளத்தில் சுருள்கள், ரயிலில் காந்தங்கள். ஸ்பெயினில் போர்ட்அவென்ச்சுராவை ஒட்டிய ஃபெராரி லேண்டில் 2017இல் ரெட் ஃபோர்ஸ் திறந்தது. இன்டமினே செய்தது: 112 மீட்டர், 180 கி.மீ., எல்.எஸ்.எம்.தான். வடிவமும் கிங்டா காவின் தம்பி மாதிரி. சவூதியில் கட்டிய ஃபால்கன்ஸ் ஃப்ளைட் 250 கி.மீ. வேகத்துக்கானது, அதுவும் எல்.எஸ்.எம். தொழில்நுட்பம் கையில் இருக்கிறது.

பல்சக்கரம்:
ரெட் ஃபோர்ஸ் 180 கி.மீ. எட்ட எடுப்பது 5 வினாடி. ஒரே சீரான முடுக்கம் என்று வைத்தால் 125 மீட்டர் பாதை. அதே பலத்தில் 206 எட்ட 164 மீட்டர் வேண்டும். கிங்டா காவின் 3.5 வினாடிக்கு ஆனது ஏறக்குறைய 100 மீட்டர். மீதி 64 மீட்டருக்கு எங்கே போவது? பின்னால் ஸ்டேஷன், முன்னால் கோபுரம்.

இன்னொன்று: ஹைட்ராலிக் தன் ஆற்றலை நைட்ரஜனில் சேமித்து வைத்துக்கொள்ளும். பம்புகள் நிதானமாக நிரப்பும், மோட்டார்கள் ஒரே மூச்சில் செலவழிக்கும். எல்.எஸ்.எம். அந்த 15 மெகாவாட் உச்சத்தை மின்சாரமாகவே அந்தச் சில வினாடியில் எடுக்கும். அதற்கு ஆற்றலைச் சேமித்து வைக்க மின்தேக்கி வங்கியோ சுழல்சக்கரமோ தனியாக வைக்க வேண்டும். ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டில் ஒரே தள்ளில் காரியத்தை முடிக்கவில்லை, பாதையில் பல இடங்களில் பிரித்துப் பிரித்துத் தள்ளுகிறார்கள். அது முதலிலிருந்தே அப்படி வரைந்த பாதை.

உச்சிக்காற்று:
64 மீட்டர் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கேட்ச் கார் ரயிலை விட்ட பிறகு நிற்பதற்கென்று கோபுரத்துக்கு முன்னால் நேர்பாதை இருக்கிறதே? கேட்ச் கார் இல்லையென்றால் அந்த நீளம் முழுக்கச் சுருள் போடலாம். 64 மீட்டர் முழுசாகக் கிடைக்காது, சரி. ஆனால் முடுக்கத்தைக் கொஞ்சம் கூட்டினால் கணக்கு நெருங்கிவிடும். உயரத்தை 139இலிருந்து 125க்குக் குறைத்தால் இன்னும் எளிது. உச்சி வளைவை மட்டும் மாற்றியிருக்கலாம்.

பல்சக்கரம்:
கேட்ச் கார் நிற்கும் இடம் பற்றிய உங்கள் வாதம் சரியானது. ஆனால் மின்சாரமே போனாலும் வேலை செய்ய வேண்டிய பிரேக் தகடுகளுக்கும் அதே பாதையில்தான் இடம் வேண்டும். ரயிலில் காந்தம் ஏறினால் எடை கூடும், எடை கூடினால் கோபுரத்தின் ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி கணக்கிட வேண்டும். உச்சி வளைவை மாற்ற 130 மீட்டருக்கு மேல் எட்டும் கிரேன் வேண்டும். இத்தனையும் செய்தால் மிஞ்சுவது பழைய கால்கள் மட்டும்தான்.

தண்டவாளப்பித்தன்:
இதெல்லாம் முடியாது என்றால் டாப் த்ரில் டிராக்ஸ்டரில் எப்படி முடிந்தது?

ஓஹியோ சீடார் பாயின்ட்டில் 2003இல் வந்த 128 மீட்டர் கோஸ்டர், கிங்டா காவின் அண்ணன். 2021 ஆகஸ்டில் ரயிலிலிருந்து உலோகத் துண்டு ஒன்று பிய்ந்து வரிசையில் நின்ற பெண்மணியின் தலையில் அடித்தது. அதோடு ஹைட்ராலிக்கை மூடினார்கள். ஆனால் கோபுரத்தை இடிக்கவில்லை. ஸம்பெர்லா கம்பெனியை வைத்து எல்.எஸ்.எம். போட்டு 2024 மே மாதம் டாப் த்ரில் 2 என்று திறந்தார்கள். நீளம் போதாது என்ற பிரச்சினையை ஊஞ்சல் முறையில் தீர்த்தார்கள்: முன்னால் 119 கி.மீ. வேகத்தில் தள்ளி, பின்னால் புதிதாகக் கட்டிய கோபுரத்தில் 163 கி.மீ. வேகத்தில் ஏற்றி, மூன்றாவது தள்ளில் 193. அதே பாதையை மூன்று முறை பயன்படுத்தினால் நீளம் எதற்கு?

2024 ஜூலையில் சிக்ஸ் ஃப்ளாக்ஸும் சீடார் பாயின்ட்டை நடத்திய சீடார் ஃபேரும் ஒன்றாகிவிட்டன. இரண்டு பூங்காவும் ஒரே கம்பெனி கையில். செய்முறை வீட்டிலேயே இருக்கும்போது ஏன் வெடி?

பல்சக்கரம்:
அந்த உதாரணத்தை முழுதாகச் சொல்லுங்கள். திறந்து சுமார் ஒரு வாரத்தில் டாப் த்ரில் 2 நின்றது. ரயில்களில் உற்பத்தியாளரே சில மாற்றங்களைச் செய்ய வேண்டியிருந்தது, 2024 சீசன் முழுவதும் போய்விட்டது. கிங்டா காவை மூடும் அறிவிப்பு வந்தது அதே இலையுதிர்காலத்தில். பக்கத்து வீட்டு மாடியில் விரிசல் கண்டவன் அதே கொத்தனாரைக் கூப்பிட மாட்டான். அதற்கும் மேல், பின்னால் இன்னொரு 128 மீட்டர் கோபுரம் எழுப்பியதால்தான் அது சாத்தியமானது. புது கோபுரம், புது ரயில், புது லாஞ்ச். அந்தச் செலவில் புதிய கோஸ்டரே கட்டலாம் என்று ஒரு நிர்வாகம் நினைத்தால் அதைத் தவறென்று என்னால் சொல்ல முடியாது.

மரச்சட்டம்:
இரண்டு தரப்புமே கோபுரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பழைய ரைடைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்பதை மரக் கோஸ்டர்களிடம் பாருங்கள். பென்சில்வேனியா அல்டூனாவில் லீப் தி டிப்ஸ் 1902இல் கட்டியது. 1985இல் மூடி, 1999இல் மறுபடி திறந்தார்கள். மெல்போர்ன் லூனா பார்க்கின் சீனிக் ரயில்வே 1912, இன்றும் ஓட்டுநர் ரயிலிலேயே நின்று பிரேக் பிடிக்கிறார். பலகை மக்கினால் பலகையை மாற்றலாம், போல்ட் துருப்பிடித்தால் போல்ட்டை மாற்றலாம், தச்சர் இருந்தால் போதும். எந்தப் பாகமும் தன் எல்லையைத் தொட்டு வேலை செய்யவில்லை, அதனால்தான் நூறு வருஷம் தாண்டுகிறது.

கிங்டா காவில் எல்லாப் பாகமும் எல்லையில் வேலை செய்தது. சாதனைக்காகக் கட்டியது சாதனைக்குரிய வயசுதான் வாழும். இருபது சீசன் ஓடியதே பெரிது.

ஆனால் மூடிய விதத்தில் நான் உச்சிக்காற்றின் பக்கம். 1987இல் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் வந்த வார்டெக்ஸ் கோஸ்டரை 2019 அக்டோபர் 27இல் மூடினார்கள். ஒரு மாதம் முன்பே, செப்டம்பரிலேயே, சொல்லிவிட்டார்கள். வர முடிந்தவர்கள் வந்து ஏறினார்கள். கிங்டா காவுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

பல்சக்கரம்:
வார்டெக்ஸ் சங்கிலியில் ஏறும் கோஸ்டர். சொன்ன நாளில் ஓடும். கிங்டா கா லேசான மழைக்கும் நிற்கும், காற்றுக்கும் நிற்கும். ஒரு ரயிலுக்கு 18 பேர். கடைசி நாள் என்று அறிவித்து, தூரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து, அன்று பார்த்து ஓடவில்லை என்றால்?

மரச்சட்டம்:
ஒரு நாளை அறிவிக்கச் சொல்லவில்லை, கடைசி சீசன் என்று அறிவித்திருக்கலாம். 2024 வசந்தத்திலேயே "இந்த வருஷத்தோடு முடிகிறது" என்றால் மழை நாளும் காற்று நாளும் அதற்குள் கரைந்துபோகும். ஓடாவிட்டால் ஓடவில்லை, ரசிகர்களுக்கு அது புதிதில்லை. மறைத்ததைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பல்சக்கரம்:
சீசன் முழுக்க என்றால் சரி. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

உச்சிக்காற்று:
கோபுரத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை, ஊஞ்சல் முறைக்கு இடம் இருந்ததா என்று அளந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் இனி செய்யக்கூடியதைப் பேசுவோம். டெக்ஸாஸ் ப்ளெய்ன்வியூவில் தேசிய ரோலர் கோஸ்டர் அருங்காட்சியகம் இருக்கிறது. ரயில் பெட்டி ஒன்றைக் காட்சிக்கு வைப்பதோடு யாரும் நின்றுவிடக் கூடாது. சீட் எல்லாக் கோஸ்டரிலும் இருக்கிறது. கேட்ச் கார், 32 மோட்டாரில் ஒன்று, ஒரு மீட்டர் கேபிள், தொட்டியின் குறுக்குவெட்டு, ஒரு பிரேக் தகடு, இந்த ஐந்தும் இருந்தால் பின்னால் வருகிறவருக்கு அது எப்படி ஓடியது என்று புரியும்.

பல்சக்கரம்:
அதோடு கட்டுப்பாட்டுக் கணினியின் லாஞ்ச் பதிவுகளும். ஒவ்வொரு தள்ளுக்கும் ரயிலின் எடை, காற்று, கலன் அழுத்தம், கிடைத்த வேகம். இரும்பைவிட அது சீக்கிரம் தொலையும். ஸ்டெல்த், ஸ்டார்ம் ரன்னர் ரசிகர்கள் இதை இப்போதே தங்கள் பூங்காக்களிடம் எழுதிக் கேட்க வேண்டும்: பதிவுகளை வையுங்கள், மூடுவதானால் ஒரு சீசன் முன்னால் சொல்லுங்கள்.