செகண்ட் ஹேண்ட் கார்: பழைய ஓனரின் ஆப் இணைப்பைத் துண்டிப்பது எப்படி?

கேள்வி:
இ-சிம் (காருக்குள்ளேயே பதித்த சிம்) உள்ள 2021 மாடல் கார். ஆர்சி என் பெயருக்கு மாறிவிட்டது, திரையில் ஃபேக்டரி ரீசெட்டும் செய்தாகிவிட்டது. ஆனால் கார் கம்பெனியின் ஆப்பில் சேர்க்கப் போனால் 'வண்டி வேறு கணக்கில் உள்ளது' என்கிறது. கார் எங்கே நிற்கிறது என்று பழைய ஓனருக்கு இன்னமும் தெரியுமா? அந்த இணைப்புக்கான ஃப்யூஸைப் பிடுங்கிவிடலாமா?

பதில் 1:
தெரியும். பல மாடல்களில் கதவைத் திறக்கவும் முடியும், அதனால் இன்றே செய்யுங்கள். ரீசெட் அழிப்பது திரைக்குள் இருப்பதைத்தான்: ப்ளூடூத் இணைப்பு, காண்டாக்ட், கால் பட்டியல், மேப்பில் சேமித்த வீட்டு முகவரி. இருப்பிடத்தை அனுப்புவது டெலிமேட்டிக்ஸ் யூனிட், அதாவது இ-சிம் வழியாகக் கம்பெனியோடு பேசும் தனிக் கருவி. கம்பெனி சர்வரில் சேசிஸ் எண்ணோடு பழைய கணக்கு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. அங்கேதான் அவிழ்க்க வேண்டும்.

பழைய ஓனர் தன் ஆப்பில் வண்டியை நீக்கினால் சில நிமிட வேலை. குடும்பத்தாருக்குப் பகிர்ந்திருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் போனை எடுக்காவிட்டால் புது ஆர்சி நகல், அடையாள அட்டை, சேசிஸ் எண் மூன்றையும் வைத்துக் கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள். சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். புகார் எண் கையில் இருக்க வேண்டும்.

ஃப்யூஸ் வேண்டவே வேண்டாம். விபத்து நேரத்தில் எஸ்ஓஎஸ் (அவசர உதவி) அழைப்பு போகாது, சில வண்டிகளில் போன் பேசும் மைக்கும் சேர்ந்து செத்துவிடும். சர்வரில் ஏற்கெனவே சேர்ந்த தகவலும் அழியாது.

பதில் 2:
ஃபாஸ்டேகை மறந்துவிடாதீர்கள். பழைய டேக் கண்ணாடியில் இருந்தால், ஒவ்வொரு டோலைத் தாண்டும்போதும் இடமும் நேரமும் அவர் மொபைலுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போய்விடும். ஆப்பை மட்டும் கவனிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். அவர் தன் வங்கியில் டேக்கை மூடட்டும். பிறகு உங்கள் ஆர்சியில் புதிது வாங்குங்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான் என்பதால் பழையது மூடாமல் புதியதில் சிக்கல் வரும்.

கேள்வி:
நன்றி. என் கணக்கு வந்தபின் கம்பெனிக்குப் போகும் தகவலைக் குறைக்க வழி?

பதில் 1:
டிரைவிங் ஸ்கோர் (ஓட்டும் விதத்துக்குப் போடும் மதிப்பெண்), பயண வரலாறு இரண்டையும் ஆப்பில் அணையுங்கள். ஸ்கோர் விளையாட்டு போலத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இப்படித் திரட்டிய ஓட்டும் பழக்கத் தகவல் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தகவல் விற்கும் நிறுவனங்கள் வழியாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனது 2024-ல் வெளியே வந்தது. ப்ளூடூத் இணைக்கும்போது 'காண்டாக்ட் அனுமதி' கேட்டால் மறுத்துவிடுங்கள். பாட்டும் காலும் அது இல்லாமலே ஓடும். சார்ஜ் மட்டும் வேண்டுமென்றால் 12 வோல்ட் சாக்கெட் சார்ஜர் போதும், காரின் யூஎஸ்பியில் செருக வேண்டாம். வண்டியை விற்கும் நாளில் இதே வேலைகளைச் சாவி கொடுக்கும் முன் நீங்கள் செய்ய வேண்டும்.