நான்கு தேசிக்காய் கோத்தும் எல்.ஈ.டி எரியவில்லை, எங்கே பிழை?

பரந்தன்_அம்மா:
வணக்கம். மகள் தரம் 8 படிக்கிறாள். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியில் தேசிக்காய் மின்கலம் செய்து காட்டப்போகிறாள். நான்கு தேசிக்காயிலும் ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்புக்கம்பி குத்தி, ஒன்றின் ஆணியை அடுத்ததன் கம்பியோடு தொடுத்திருக்கிறோம். உடைந்த ரோர்ச்சில் கழற்றிய வெள்ளை எல்.ஈ.டியைப் பூட்டினால் மினுங்கக்கூட இல்லை. கால்களை மாற்றிப் பூட்டினாலும் அதே கதைதான். பழைய ரோர்ச் குமிழும் எரியவில்லை. பக்கத்து வீட்டில் மல்ரிமீற்றர் வாங்கி அளந்தால் நான்குக்கும் சேர்த்து 1.9 வோல்ற்று காட்டுகிறது. தேசிக்காய் இப்போது விற்கிற விலைக்கு இன்னும் வாங்கிக் குத்த மனம் வரவில்லை. யாராவது சொல்லுங்கள்.

துணுக்காய்_வயரிங்:
அக்கா, அளந்து பார்த்தது நல்லது, அந்த 1.9இலேயே விடை இருக்கிறது. நான்குக்கு 1.9 என்றால் ஒரு காய்க்கு அரை வோல்ற்றுகூட இல்லை. செம்பும் நாகமும் (துத்தநாகம்) குத்தினால் ஒரு காய் 0.9 வோல்ற்று அளவில் தரும். அரை வோல்ற்று வருவது இரும்புக்குத்தான். நீங்கள் குத்தியது பலகைக்கு அடிக்கும் சாதாரண ஆணியாக இருக்கவேண்டும். கூரைத் தகரத்துக்கு அடிக்கும் நாகம் பூசிய ஆணியைக் கடையில் கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்தது வேண்டாம், அதில் பூச்சு போயிருக்கும்.

வெள்ளை எல்.ஈ.டிக்கு 3 வோல்ற்றுக்குக் கிட்ட வேண்டும். சிவப்புக்கு 1.8 போதும். ரேடியோ திருத்தும் கடையில் சிவப்பு ஒன்று வாங்குங்கள். நீளக் கால் செம்புப் பக்கம், கட்டைக் கால் ஆணிப் பக்கம்.

விசுவமடு_கமம்:
தண்ணீர் மோட்டர் வைண்டிங் கம்பி எங்கள் வீட்டில் கிடக்கிறது, அதுவும் நல்ல செம்புதான். நாகத்துக்குப் பழைய ரோர்ச் பற்றறியை உடைத்துத் தகட்டை எடுக்கலாமே?

மல்லாவி_விஞ்ஞானம்:
பற்றறி உடைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம். மலிவான பழைய வகையில்தான் வெளிக்கூடு நாகம். அல்கலைன் பற்றறிக்குள் இருப்பது தோலையும் கண்ணையும் எரிக்கும் காரம். வெளியே பார்த்து எது எதுவென்று பிள்ளைக்குத் தெரியாது. வைண்டிங் கம்பி சரி, ஆனால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கிறது. மண்தாள் போட்டு நன்றாகத் தேய்க்காவிட்டால் மின் ஓடாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். கண்காட்சிக் காலத்தில் பிள்ளைகள் செம்பு, பித்தளை தேடி வெறும் காணிகளுக்குள் இறங்குவார்கள். நம் பகுதியில் வெடிபொருள் அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. மண்ணில் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொடக்கூடாது. கடையில் வாங்கும் ஒரு முழக் கம்பி போதும்.

ரோர்ச் குமிழ் எரியாததற்குக் காரணம் வேறு. அதற்கு 300 மில்லி அம்பியர் அளவு மின்னோட்டம் வேண்டும். ஆணி குத்திய தேசிக்காய் ஒரு மில்லி அம்பியர்கூடத் தராது. வரிசையாக எத்தனை கோத்தாலும் வோல்ற்றுத்தான் கூடும், மின்னோட்டம் கூடாது. அந்தக் குமிழை விட்டுவிடுங்கள்.

பரந்தன்_அம்மா:
சேர், தம்பி, இருவருக்கும் நன்றி. கூரை ஆணி மாற்றியதும் 3.6 வோல்ற்று வந்தது! சிவப்பு எல்.ஈ.டி எரிகிறது. ஆனால் அறையை இருட்டாக்கினால்தான் தெரிகிறது. அதைப் பூட்டியபடி அளந்தால் வோல்ற்று 1.7க்கு இறங்கிவிடுகிறது. இது ஏன்? வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா?

துணுக்காய்_வயரிங்:
வோல்ற்று இறங்குவது காயின் அகத்தடையால். மின் ஓடத் தொடங்கியதும் பாதி வோல்ற்று காய்க்குள்ளேயே போய்விடுகிறது. குத்துவதற்கு முன் காயை மேசையில் அழுத்தி உருட்டுங்கள், உள்ளே சாறு கசியும். கம்பியை ஆணிக்குக் கிட்ட, ஆனால் முட்டாமல், ஆழமாக இறக்குங்கள். மெல்லிய கம்பி என்றால் பல மடிப்பாக முறுக்கிக் குத்துங்கள். உலோகம் சாற்றில் படும் பரப்புக் கூடினால் மின்னோட்டமும் கூடும்.

தேசிக்காய் விலைக்கு ஒரு மாற்று: குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் செய்யும் தட்டை எடுத்து, ஆறு குழியில் வினாகிரியும் கொஞ்சம் உப்பும் விட்டு, ஒவ்வொன்றிலும் ஆணியும் கம்பியும் வையுங்கள். எனக்குத் தேசிக்காயைவிட இதுதான் பிடிக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

விசுவமடு_கமம்:
ஆறு குழி எதற்கு? ஒரே கோப்பை வினாகிரியில் ஆறு சோடியையும் போட்டால் வேலை முடிந்ததல்லவா?

துணுக்காய்_வயரிங்:
இல்லை அண்ணா. ஒரே நீருக்குள் எல்லாம் நின்றால் அவை தனித்தனி மின்கலங்கள் அல்ல. ஒன்றின் வோல்ற்றை அடுத்தது அந்த நீர் வழியாகவே இறக்கிவிடும். எத்தனை சோடி போட்டாலும் ஒரு சோடிக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. வெட்டிய தேசிக்காய்ப் பாதிகளை ஒரே தட்டில் வைத்துச் சாறு ஓடி ஒன்றோடொன்று சேர்ந்தாலும் இதேதான்.

பரந்தன்_அம்மா:
ஐஸ் தட்டு நன்றாக வேலை செய்கிறது. நடுவர்கள் “மின்சாரம் எங்கிருந்து வருகிறது” என்று கேட்டால் மகள் என்ன சொல்லவேண்டும்? தேசிக்காய்க்குப் பதிலாக உருளைக்கிழங்கை அவித்துக் குத்தினால் இன்னும் நன்றாக எரியும் என்கிறார்கள், உண்மையா?

மல்லாவி_விஞ்ஞானம்:
பழத்துக்குள் மின்சாரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லவேண்டாம். பெரிய ஆட்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், கேட்க வருத்தமாக இருக்கிறது. சக்தி வருவது நாகம் கரைவதால். நாகம் இலத்திரன்களை விட்டுவிட்டுச் சாற்றில் கரைகிறது. அந்த இலத்திரன்கள் கம்பி வழியே எல்.ஈ.டியைத் தாண்டிச் செம்புக்குப் போகின்றன. அங்கே அமிலத்தின் ஐதரசன் அயன்கள் அவற்றை வாங்கி வாயுவாகின்றன. செம்பில் ஒட்டும் சிறு குமிழிகள் அதுதான். 1800இல் வோல்ற்றா நாகத் தட்டையும் செம்புத் தட்டையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் அடுக்கிச் செய்ததும் இதே வேலை. மகளிடம் தட்டைக் காட்டி இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

அவித்த கிழங்கு உண்மைதான். 2010இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து ஆய்வில், 8 நிமிடம் அவித்த கிழங்கு பச்சைக் கிழங்கைவிடப் பத்து மடங்கு வலுத் தந்தது. அவிக்கும்போது கிழங்கின் உயிர்க்கலங்கள் உடைந்து அகத்தடை குறைகிறது. நம் நாட்டிலேயே களனிப் பல்கலைக்கழகத்தில் வாழைத்தண்டை அவித்துச் செய்து, ஒரு எல்.ஈ.டியை 500 மணித்தியாலத்துக்கு மேல் எரித்திருக்கிறார்கள். தண்டு காயாமல் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கிழங்கை விலைக்கு வாங்குவதைவிட வளவில் குலை வெட்டிய வாழை இருந்தால் அதைப் பாருங்கள்.

குத்திய காயையோ கிழங்கையோ பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள், நாகம் கரைந்திருக்கும். வீட்டுப் பிளக்கின் 230 வோல்ற்றோடு இதில் எதையும் பொருத்தவே கூடாது. கண்காட்சியன்று ஆணிகளை நடுவர் வருவதற்குச் சற்று முன் இறக்கினால் போதும். வெளிச்சம் மங்கினால் செம்பை வெளியே எடுத்துக் குமிழிகளைத் துடைத்துவிட்டு, குழிகளுக்கிடையே வினாகிரி வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.