‘டிராகுலா’வில் அச்சம் எந்த வாக்கியங்களில் பிறக்கிறது?

கேள்வி:
பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலின் தொடக்க இயல்களை மீண்டும் வாசித்து வருகிறேன். ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு தோன்றும் பக்கங்களில் வன்முறை குறைவு; ஆயினும் அவை நடுக்கம் தருகின்றன. இதை எந்த மொழித் தேர்வுகள் சாதிக்கின்றன? அடைமொழிகளின் பெருக்கமே காரணம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானது. இரண்டாம் இயலில், பிரபுவின் கோட்டைக்கு விருந்தினராக வந்த இளம் வழக்கறிஞரான ஹார்க்கர் பிரபுவின் புருவம், பற்கள், நுனி கூர்ந்த காதுகள், உள்ளங்கை நடுவே முளைத்த மயிர் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகிறார். அந்த நிதானம்தான் முதலில் நம்மைக் கலங்கச் செய்கிறது.

மூன்றாம் இயலின் சுவர்க் காட்சியில் வாக்கியங்களின் வரிசையைக் கவனியுங்கள். சன்னலில் ஒரு தலை தெரிகிறது. ஹார்க்கருக்கு முதலில் ஆர்வமும் சிறிது வேடிக்கையுமே தோன்றுகின்றன. பிறகு முழு உடலும் வெளியேறி, மேலங்கி சிறகுகளாக விரிய, தலைகீழாகச் சுவரில் ஊர்ந்து இறங்குகிறது. அவர் உடனே அலறவில்லை. நிலவொளியின் மயக்கமாக இருக்கலாம் என்று தம் கண்களையே சந்தேகிக்கிறார், தொடர்ந்து பார்க்கிறார், கற்களின் விளிம்புகளைப் பற்றும் விரல்கள் தெரிகின்றன. நாம் சொல்லவிருந்த மறுப்பை அவரே முன்னதாகச் சொல்லி, அதைக் கைவிட்டும் விடுவதால், நமக்குத் தப்பும் வழி அடைபடுகிறது. இவன் என்ன வகை மனிதன், அல்லது மனித உருவிலுள்ள என்ன வகைப் பிராணி என்ற கேள்வி அதன் பிறகுதான் வருகிறது. அதற்கு அங்கே விடையும் இல்லை.

மறுமொழி 2:
இதனுடன் பிரபுவின் பேச்சையும் சேர்க்க வேண்டும். விருந்தினரைச் சுயவிருப்பத்துடன் உள்ளே வருமாறு அழைப்பதும், ஓநாய்களின் ஊளையை இசை என்று போற்றுவதும் குறையற்ற பண்புடைய வாக்கியங்கள். மிரட்டல் ஒன்றுகூட இல்லாத அந்த மரியாதை, மிரட்டலைவிட அச்சுறுத்துகிறது.

மறுமொழி 3:
எதிர்ச்சான்றும் நூலிலேயே உள்ளது. நான்காம் இயலில், பெட்டிக்குள் ரத்தம் குடித்து உப்பிக் கிடக்கும் பிரபுவை அருவருப்பான அட்டை என்று ஹார்க்கர் வருணிக்கும்போது எனக்கு அச்சம் குறைந்து அருவருப்பே மிஞ்சுகிறது. தீர்ப்பு வந்துவிட்டதால் ஐயத்திற்கு இடமில்லை.

மறுமொழி 2 எழுதியவர்:
ஒப்புக்கொள்கிறேன். பிரபு மறைந்து இங்கிலாந்துக்கு வரும் ‘டெமிட்டர்’ கப்பலின் நாட்குறிப்பு அதற்கு நேர்மாறானது. மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போவதைக் கப்பல் தலைவர் வறண்ட குறுவாக்கியங்களில் பதிவு செய்கிறார். பிரபுவின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை.