ஹிலாஸ்டேரியோன்: கிருபாதாரபலியா, கழுவாயா, வேறு சொல்லா?

ஸ்தோத்திரம்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'ஹிலாஸ்டேரியோன்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு எதிரே இன்னும் காலியாகக் கிடக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 3:25-இல் அது 'கிருபாதாரபலி'. எபிரெயர் 9:5-இல் அதே சொல் 'கிருபாசனம்', அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மூடி. போதாததற்கு எபிரெயர் 4:16-இல் வரும் 'கிருபாசனம்' வேறு சொல். அங்கே கிரேக்கத்தில் த்ரோனோஸ், அதாவது சிங்காசனம். ஒன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிட்டது. ரோமரில் பவுல் அந்த மூடியை மனதில் வைத்து எழுதினாரா என்ற கேள்வியே தமிழை மட்டும் வாசிப்பவருக்கு எழாது.

'பலி'யும் தொல்லைதான். இங்கே நாளிதழைப் புரட்டினால் 'நெடுஞ்சாலை விபத்தில் மூவர் பலி'. தவிர, மூடியின்மேல் எதுவும் வெட்டப்படுவதில்லை. லேவியராகமம் 16-இன்படி காளையும் கடாவும் வெளியே கொல்லப்படும். இரத்தம் மட்டும் திரைக்கு உள்ளே போகும். ஆசாரியன் அதை விரலால் மூடியின்மேலும், அதற்கு முன்னே ஏழு தரமும் தெளிப்பான்.

அதே வேரில் பிறந்த 1 யோவான் 2:2-இன் ஹிலாஸ்மோஸுக்குக் 'கழுவாய்' (பாவநிவிர்த்தி), ஹிலாஸ்டேரியோனுக்குக் 'கழுவாயிடம்' என்று வைக்கலாமா?

— பிரிக்பீல்ட்ஸ்

வணக்கம் ஐயா.

> 'கழுவாயிடம்'

வேற்றுமை உருபாகிவிடும். 'அவரிடம் கேள்' என்பதுபோல் 'கழுவாயிடம் வந்தோம்' என்று படிப்பார்கள். 'கழுவாய்த்தலம்' என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருத்தலம்தான் கண்முன் வரும். 'பீடம்' முற்றத்துப் பலிபீடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கழுவாய் கத்தோலிக்கரான எங்களுக்குப் பழகிய சொல். நாங்கள் வாசிக்கும் திருவிவிலிய மொழிபெயர்ப்பில் ரோமர் 3:25, 1 யோவான் 2:2 இரண்டிலும் அதுதான். புறநானூறு 34-இலேயே 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்று இருக்கிறது. 'பரிகாரம்' மட்டும் வேண்டாம், ராகு கேது கூடவே வந்துவிடும்.

'கழுவாயிருக்கை' எப்படி? எங்கள் விடுதலைப் பயணம் (உங்கள் யாத்திராகமம்) 25:17-இல் 'இரக்கத்தின் இருக்கை', உங்களிடம் கிருப'ஆசனம்'. இருக்கை இரு தரப்பிலும் ஏற்கெனவே உண்டு.

— பட்டர்வர்த்

கழுவாய் பாவத்தைத் தொடுகிறது, கோபத்தைத் தொடவில்லை. ரோமர் 1:18 தேவகோபத்தோடுதானே தொடங்குகிறது? ஆங்கிலத்திலும் இதே சண்டை: வேதாகம அறிஞர் சி. எச். டாட் பாவநீக்கமே பொருள் என்றார், கோபம் தணிவதும் உண்டு என்று லியோன் மோரிஸ் மறுத்தார். நான் மோரிஸ் பக்கம். ஆனாலும் 'சினந்தணிப்பு' என்று வைக்கச் சொல்லமாட்டேன். முனியாண்டிக்குப் படையல் போட்டுச் சாந்தப்படுத்துகிற மாதிரி கேட்கும். 3:25-இல் ஏற்படுத்துகிறவரே தேவன்; மனிதன் கொண்டுபோய்க் கொடுப்பதல்ல. கோபத்தைக் குறிப்பில் எழுதுவோம்.

'இருக்கை'யில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆசாரியன் நாள்தோறும் நின்றுகொண்டே ஊழியம் செய்கிறான். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் (எபிரெயர் 10:11-12). அவர் உட்கார்ந்தது பெட்டியின் மூடிமேல் என்று மாணவர் குழம்புவார்களே?

— செந்தூல்

அவர் உட்கார்ந்தது தேவனுடைய வலதுபாரிசத்தில், அதே வசனம் சொல்கிறது. மூடிமேல் கேரூபீன்களின் நடுவே வீற்றிருப்பவர் தேவன் (சங்கீதம் 80:1). குறிப்பில் இரண்டு வரி போதும்.

ஆக, ஹிலாஸ்மோஸ் கழுவாய், ஹிலாஸ்டேரியோன் கழுவாயிருக்கை. கிருபாசனம் இனி 4:16-க்கு மட்டும். தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: சேர்த்தே எழுதுங்கள். 'கழுவாய் இருக்கை' என்று பிரித்தால், கழுவாய் ஓரிடத்தில் தங்கியிருப்பதைச் சொல்வதுபோல் படும்.

— பிரிக்பீல்ட்ஸ்